சும்மா இருந்த கண்ணாடி

நான் செய்கிற பொருள் ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். மெல்லிய எஃகுப் பெட்டி. அதற்குள் ஒரு காந்தம், காந்தத்தோடு ஒட்டிய கனமான உலோகத் துண்டு, இரண்டையும் இருபக்கமும் தாங்கிப் பிடிக்கிற தகட்டு வில், அடியில் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியில் சுற்றிய ஒரு சுருள். சுருளில் மின்சாரத்தை மாற்றி மாற்றி விட்டால் காந்தம் போய்ப் போய் வரும். தொடுதிரைக் கண்ணாடிக்கு அடியில் இதை ஒட்டிவைத்தால், கண்ணாடியைத் தொடுகிற விரலுக்குப் பொத்தானை அழுத்தியதுபோல ஒரு தட்டு கிடைக்கும். கண்ணாடி அமுங்குவதில்லை. அமுங்கியதாக விரல் நம்பிவிடும்.

வடசேரியில் ஒரு பாத்திரக்கடை மாடியில், மூன்று அறைகளில் நடக்கிற சிறிய வடிவமைப்பு நிறுவனம் எங்களுடையது. முதல் மாதிரி ஓடிய அன்று அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“அப்போ, இல்லாத்த பட்டன இருக்குன்னு நம்ப வைக்கியது. அதானே?”

“அதேதான்.”

“இந்தக் கள்ளத்தனத்துக்கா நாலு வருசம் படிச்ச?”

அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் போனது என்னைச் சேர்ப்பதற்காகத்தான். அப்பா வடசேரிச் சந்தையில் காய்கறி மூட்டை இறக்குகிறார். அம்மா அண்டியாபீஸில் தல்லுக்காரி. முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அண்டியாபீஸ் என்போம். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து, கட்டையால் ஒரே அடியில் தோட்டை உடைத்து, பருப்பைச் சிதறாமல் எடுப்பது தல்லு. தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்ட இடம் வெந்துபோகும். அதனால் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். இருபது வருடம் அதைச் செய்த விரல்நுனி கறுத்து, தடித்து, ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடை இயந்திரம் அம்மாவின் விரலை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

போன வருடம் எங்களுக்கு வந்த வேலை, எடைத்தராசு செய்கிற ஒரு கம்பெனியிடமிருந்து வந்தது. அண்டியாபீஸ்களுக்கான தராசு. ஒவ்வொருத்தி உடைத்த பருப்பையும் தனித்தனியாக நிறுப்பார்கள். எடை சரி என்று அவளே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பிளாஸ்டிக் பொத்தானை அந்த எண்ணெய் சில மாதங்களில் தின்றுவிடும். ஆகவே கண்ணாடித் திரைக்கு மாற நினைத்தார்கள். கண்ணாடியை எண்ணெய் ஒன்றும் செய்யாது. ஆனால் அழுத்தியதா இல்லையா என்று கைக்குத் தெரியாது. தெரியாவிட்டால் மறுபடி மறுபடி அழுத்துவார்கள், வரிசை நகராது. அதற்குத்தான் அதிர்வு.

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் அதிர்வு மோட்டாரை வாங்கி ஒட்டுவது ஒரு வழி. இதற்கென்றே ஒன்றைச் செய்வது இன்னொரு வழி. எங்கள் மேலதிகாரி திருச்சிக்காரர். நாங்கள் மேடம் என்போம். அவர் இரண்டாவது வழியை என்னிடம் கொடுத்தார்.

“இது முழுக்க உன் டிசைன். ஆலையில வச்சுப் பார்ப்போம். வாங்குற மோட்டாரைவிட நல்லா இருந்தா எடுத்துக்குவாங்க. இல்லன்னா மோட்டாரையே வச்சுக்குவாங்க, நீ பழையபடி டெஸ்ட் மேசைக்குப் போயிடலாம்.”

மிரட்டலாகச் சொல்லவில்லை. வேலை இருக்கிற இடத்தைச் சொன்னார், அவ்வளவுதான். டெஸ்ட் மேசை என்றால் மற்றவர்கள் வடிவமைத்த மின்சுற்றுப் பலகைகளுக்கு மின்சாரம் கொடுத்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, தாளில் டிக் போடுவது. சேர்ந்ததிலிருந்து ஒன்றரை வருடம் அதைத்தான் செய்திருந்தேன். திரும்பவும் அங்கே போக எனக்கு மனமில்லை.

மூன்று மாதம் ஆனது. வில்லின் விறைப்பும் காந்தத்தின் எடையும் சேர்ந்து ஒரு இயல்பான வேகத்தைத் தீர்மானிக்கும். அந்த வேகத்திலேயே மின்சாரத்தைத் தட்டிக் கொடுத்தால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளியதுபோல, கொஞ்ச சக்தியிலேயே பெரிதாக ஆடும். மனித விரல்நுனிக்கு நுணுக்கமாகத் தெரிவது வேகமான அதிர்வு என்று படித்திருந்தேன். ஒரு நொடிக்கு இருநூற்று முப்பது தடவை என்று வைத்துக்கொண்டேன். லென்ஸுக்கு அடியில் நானே சுருள் சுற்றினேன், நானே ஒட்டினேன், என் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தேன். நறுக்கென்று இருந்தது. ஆபீஸில் எல்லோரும் வைத்துப் பார்த்தார்கள். கீழே பாத்திரக்கடைக்காரரைக்கூடக் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன். “கிண்ணத்துல சுண்டுனது மாதிரி இருக்கு” என்றார்.

சோதனைக்கு ஒத்துக்கொண்ட ஆலையின் பெயரை மேடம் சொன்னபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அது தக்கலைக்குப் பக்கத்தில், அம்மா வேலை செய்யும் ஆலை. பத்மநாபபுரம் கோட்டைச் சுவருக்கு வெளியே இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து அவள் நடந்தே போவாள். வேலைக்குச் சேர்ந்தபோது தந்த ஃபாரத்தில் தாயாரின் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதியிருந்தேன். அப்போது அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. அந்தக் கட்டத்தில் எல்லோரும் எழுதுகிற சொல் என்று நினைத்து எழுதினேன். இப்போது சொன்னால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் மட்டும் சொன்னேன், நாங்கள் வருகிறோம், என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று.

“செரி. சாரேன்னு கூப்பிடுவேன். போதுமா?” என்றாள்.

சோதனை முறையை மேடம் எழுதினார். நாற்பது பேர். ஆளுக்குப் பன்னிரண்டு தடவை கண்ணாடியைத் தொட வேண்டும். ஒவ்வொரு தடவையும் தெரிகிறதா என்று நான் கேட்பேன். பன்னிரண்டில் மூன்று தடவை பெட்டி சும்மா இருக்கும். எந்த மூன்று என்பது எனக்கும் தெரியாது, உள்ளே இருக்கிற கணினி மாற்றி மாற்றிப் போட்டு, தானே குறித்துக்கொள்ளும். அந்த மூன்றும் வீண் என்று எனக்குத் தோன்றியது.

ஆலைக் கூடத்தின் கடைசியில் தராசு மேசையில் கண்ணாடியை வைத்தோம். பக்கத்தில் சூப்பர்வைசர் கைகட்டி நின்றார். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

“தெரியுதா?”

“தெரியுது சாரே.”

“இப்போ?”

“தெரியுது.”

ஒரு அக்கா நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். இன்னொருவர், “நல்ல சொகமாட்டு இருக்கு சாரே. கைவலிக்கே கேக்கும் போலிருக்கு” என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், “பின்ன அங்கேயே இரி, ஒனக்க மருமொவளயும் கூட்டிட்டு வாறேன்” என்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

பத்தொன்பதாவதாக அம்மா வந்தாள். பன்னிரண்டு தடவையும் “தெரியுது சாரே” என்றாள். எல்லோருக்கும் போட்டதுபோலவே, தாளிலிருந்து தலை தூக்காமல் டிக் போட்டேன். சந்தோஷமாகத்தான் ஆபீஸுக்குத் திரும்பினேன்.

மறுநாள் மேடம் கணினியை என் பக்கம் திருப்பினார்.

“நாப்பது பேர். எல்லாருக்கும் எல்லாமே தெரிஞ்சிருக்கு.”

“நல்லதுதானே மேடம்.”

“சும்மா இருந்ததும் தெரிஞ்சிருக்கு.”

ஆளுக்கு மூன்று தடவை ஓடாத பெட்டி, நாற்பது பேருக்கும் அதிர்ந்திருக்கிறது. நான் உடனே பெட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். ஓட வேண்டாம் என்று சொன்ன பிறகும் சுருளுக்கு எங்கிருந்தோ மின்சாரம் கசிகிறது. அல்லது முந்தின அதிர்வு அடங்காமல் வில் ஆடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு நாள் அளந்தேன். ஆலையிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த முந்திரியின் செந்தோலைக் கண்ணாடிமேல் தூவி வைத்துப் பார்த்தேன். ஊதினாலே பறக்கிற தோல் அது. பெட்டி ஓடினால் துள்ளியது. ஓடாதபோது அப்படியே கிடந்தது.

அன்று சாயங்காலம் அம்மா முற்றத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அம்மா, அன்னைக்குக் கண்ணாடி அதிர்ந்தது ஒனக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதே. சொன்னேம்லா.”

“மூணு தடவ அது ஓடவே இல்ல.”

செதில் உரசுவதை நிறுத்தினாள்.

“அது ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“பெட்டி எழுதி வைக்கும்.”

“எழுதி வைக்கும்னு நீ சொல்லல்லியே.”

பிறகு மெதுவாக வந்தது. சோதனைக்கு முந்தின நாள் சாயா குடிக்கும்போது மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். எனக்க மொவன் செஞ்சதாக்கும், கேட்டா தெரியுதுன்னு சொல்லுங்கோ, தெரியல்லன்னு ஒருத்தியும் வாயத் தெறக்காதீங்கோ.

“எத்தன பேருட்ட சொன்ன?”

“எல்லாருட்டயும்.”

“சூப்பர்வைசருக்கும் தெரியுமா?”

“அவருட்ட நான் சொல்லல்ல. அவரு கேட்டுட்டு நின்னாரு.”

கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் நாற்பது பேர் வரிசையில் வந்து, எனக்காக ஒரே பொய்யைப் பன்னிரண்டு பன்னிரண்டு தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரிடம் கோபப்படுவது?

“இப்போ உண்மையச் சொல்லு. ஒனக்கு என்ன தெரிஞ்சுது?”

“ஒண்ணும் தெரியல்ல மக்களே. ஒரு தடவ எறும்பு போனது மாதிரி இருந்துது. அதுவும் எறும்பேதானோ என்னவோ.”

“விரல எங்க வச்ச?”

அவள் ஈரக் கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை மடக்கி, நடு மொளியைக் காட்டினாள். விரல் மடங்குகிற கணுவை நாங்கள் மொளி என்போம்.

“ஏன் மொளிய வச்ச?”

“கையெல்லாம் சாம்பலும் எண்ணெயுமாட்டு இருக்கும். கண்ணாடி அழுக்காவும்லா. ஒனக்க சாதனம். அதான் எல்லாரும் கதவு தட்டுத மாதிரி தட்டுனோம்.”

அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. காலையில் ஆபீஸுக்கு வந்ததும் கணினியைத் திறந்தேன். விரல் படுகிற இடத்தின் அளவைக் கண்ணாடி ஒவ்வொரு தடவையும் குறித்து வைத்திருந்தது. விரல்நுனி என்றால் அகலமாக, நீள்வட்டமாக இருக்கும். இங்கே இருந்ததெல்லாம் சின்னச் சின்ன வட்டங்கள். நாற்பது பேரும் மொளியால்தான் தட்டியிருந்தார்கள். அந்த எண்கள் மூன்று நாளாக என்னிடமே இருந்தன. நான் அவர்கள் சொன்ன பதிலை மட்டும் பார்த்தேன்.

மேடம் வந்ததும் போய் நின்றேன்.

“மேடம், அந்த ஆலையில வேலை செய்யிற ஒருத்தர் என் அம்மா.”

“எத்தனாவது ஆள்?”

“பத்தொன்பது.”

அவர் பத்தொன்பதாவது வரிசைக்குப் போய்ப் பார்த்தார். “பன்னிரண்டுக்கும் ஆமா.”

“மீதி முப்பத்தொன்பது பேருக்கும் அவங்கதான் சொல்லி வச்சிருக்காங்க.”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா எரிச்சலை அடக்கினாரா என்று தெரியவில்லை.

“முதல்லயே சொல்லியிருந்தா வேற ஆலைக்குப் போயிருப்போம். ஒரு வாரம் போச்சு.”

“ஃபாரத்துலயும் இல்லத்தரசின்னு எழுதியிருக்கேன். அதையும் திருத்தணும்.”

“அதை யாரும் படிக்கிறதில்ல. இதை எழுது.” அவர் காட்டியது தராசுக் கம்பெனிக்குப் போக வேண்டிய அறிக்கையை. “இந்தச் சோதனை ஏன் செல்லாதுன்னு காரணத்தோட எழுது.”

‘பங்கேற்றவர்களில் ஒருவர் வடிவமைப்பாளரின் தாயார்; அவர் ஆலையில் கொட்டை உடைக்கும் தொழிலாளி’ என்று எழுதினேன். அந்த ஒரு வரியை எழுத முற்பகல் முழுதும் ஆனது. எழுதி அனுப்பியபின் வாங்குகிற மோட்டாரே போதும் என்று பதில் வரும் என எதிர்பார்த்தேன். பத்து நாள் தருகிறோம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள் என்று வந்தது.

பத்து நாள் என்பது போதாது. மொளிக்கு அடியில் உடனே எலும்பு. விரல்நுனிக்கு இருக்கிற நுணுக்கம் அங்கே இல்லை. வேகமான, சின்ன அதிர்வு அங்கே வந்து சேராது. மெதுவாக, அகலமாக, ஒரே தட்டாக அடிக்க வேண்டும். அதற்கு வில் இளக வேண்டும், இல்லையென்றால் எடை கூட வேண்டும். புதிய வில் தகட்டை வெளியூரில் அமிலத்தால் அரித்து வெட்டி வாங்க மூன்று வாரம் ஆகும். மிச்சம் இருந்தது எடை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி இனயத்துக்குப் போனேன். கடற்கரைக்குப் போகிற வழியில் வலைக்கடை ஒன்று உண்டு. வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டில் ஆகச் சின்னது கேட்டேன். கடைக்காரர் என் கையையும் சட்டையையும் பார்த்தார்.

“என்ன மீனுக்கு?”

“மீனுக்கில்ல. மெஷினுக்கு.”

“மெஷினு முங்கணுமா?”

ஒரு பிடி வாங்கிவந்து, சுத்தியலால் தட்டித் தகடாக்கி, வெட்டி, காந்தத்துக்கு இரு பக்கமும் ஒட்டினேன். வேகம் நூற்று இருபதுக்கு அருகே இறங்கியது. ஆனால் ஆட்டம் அகலமானதும் காந்தம் பெட்டிச் சுவரில் போய் ‘டக் டக்’ என்று இடித்தது. பெட்டியை நீளமாக்கினேன். அப்புறம் தட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ரீங்காரம் நின்றது. அதற்கு ஒரு தள்ளு கொடுத்து, உடனே எதிர்ப்பக்கம் மின்சாரத்தைத் திருப்பி, ஆடுகிற காந்தத்தை மடக்கிப் பிடிக்கிற மாதிரி நிரல் எழுதினேன். ஏழாவது நாள் என் சொந்த மொளியால் தட்டினேன். தட்டியதற்குக் கண்ணாடி திரும்பத் தட்டியது.

“இந்தத் தடவை யார்ட்டயும் எதுவும் கேக்காதே” என்றார் மேடம். “கேட்டா நல்லதா நாலு வார்த்தை சொல்லுவாங்க. கேக்காம பாரு.”

இரண்டு தராசு. ஒன்றில் வாங்கிய மோட்டார், ஒன்றில் என்னுடையது. பார்க்க இரண்டும் ஒன்றேதான். எதில் எது என்று ஆலையில் யாருக்கும் சொல்லவில்லை, நடுவில் ஒரு நாள் இரண்டையும் இடம் மாற்றியும் வைத்தோம். மூன்று நாள் அவர்கள் பாட்டுக்கு வேலை செய்யட்டும் என்று விட்டுவிட்டு வந்தோம். ஒருத்தி ஒரு எடைக்கு எத்தனை தடவை தட்டுகிறாள் என்பதைக் கணினி எண்ணும். தட்டு கையில் தெரிந்தால் ஒரு தடவையோடு போய்விடுவாள். தெரியாவிட்டால் மறுபடி தட்டுவாள்.

அந்த மூன்று நாளும் அம்மா வீட்டில் ஆலைப் பேச்சே எடுக்கவில்லை. அப்பாதான் கேட்டார்.

“என்னவாச்சு அந்தக் கண்ணாடி?”

“எனட்ட கேக்காதீங்கோ” என்றாள் அம்மா. “நான் வாயத் தெறந்தா அது எழுதி வைக்குமாம்.”

நான்காம் நாள் சாயங்காலம் நானும் மேடமும் ஆலைக்குப் போய் எண்ணிக்கையைப் பார்த்தோம். மோட்டார் இருந்த தராசில் பெரும்பாலும் இரண்டு, மூன்று தட்டு. சிலர் நாலு. என்னுடையதில் பெரும்பாலும் ஒன்று. மேடம் இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு தராசுக் கம்பெனிக்குப் போனில் எண்களை மட்டும் படித்துக் காட்டினார். ‘சரி, உங்களுடையதையே வச்சுக்குவோம்’ என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது. நான் மேசைக்கு அடியில் குனிந்து, தேவையே இல்லாமல் ஒரு வயரைச் செருகி எடுத்தேன்.

ஆனால் ஒன்று இடித்தது. என் தராசில் பலர் தட்டி முடிப்பதற்குள் கையை எடுத்திருந்தார்கள். தொடுகை மிகக் குறுகிய நேரமே பதிவாகியிருந்தது. ஏன் என்று மேடம் கேட்டார். அதற்குள் எடை போட வரிசை வந்துவிட்டது. அம்மாவின் முறை வந்தபோது என் தராசில் பருப்புத் தட்டை வைத்து, மொளியால் தட்டினாள். சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

“இது நல்லா கூடிப்போச்சு மக்களே” என்றாள். “கொறச்சு வை. நேத்து ஒருத்தி கரண்டு அடிச்சுதுன்னு சொல்லிட்டுப் போறா.”

சாரே என்று கூப்பிட மறந்துவிட்டாள். மறந்தது தெரிந்ததும் மேடத்தைப் பார்த்தாள்.

“நீங்கதான் பத்தொன்பதா?” என்றார் மேடம்.

“எனக்கு அம்பது கழிஞ்சாச்சே” என்றாள் அம்மா.

நான் மடிக்கணினியைத் திறந்து மின்சாரத்தை ஒரு படி குறைத்தேன். “இப்போ தட்டு.”

தட்டினாள். தலையைச் சாய்த்து யோசித்தாள். போன தடவை இப்படி யோசிக்கவே இல்லை.

“இப்போ தெரியல்ல.”

“உண்மையாட்டா?”

“உண்மையாட்டுதான். ஒண்ணும் தெரியல்ல.”

அரைப் படி கூட்டினேன். மறுபடி தட்டினாள்.

“இது செரி.”

“ஒருத்தர் போதாது” என்று மேடம் சொன்னதால், வரிசையில் நின்ற இன்னும் பதினொரு பேரைத் தட்டச் சொன்னோம். மூன்று பேர் கூடுதல் என்றார்கள். ஒருவர், “எனக்கு ஒண்ணும் தெரியல்ல, சொன்னா வருத்தப்படப்பிடாது” என்றார். மற்றவர்களுக்கு அதே அளவு சரியாக இருந்தது. அதைப் பெட்டியின் வரைபடத்து ஓரத்தில் எழுதிக்கொண்டேன். பின்னாலிருந்து அன்றைக்குக் கேட்ட அதே குரல், “அம்மையும் மொவனும் கதவு தட்டி வெளையாடுனது போதும், பஸ்ஸு போவப் போவுது” என்றது. அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.